நடப்பவர் முந்தினால் முந்தட்டும்

ஷெனாய் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்கிறார், சரி. நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது:

“வயது 41. வங்கி வேலை. இரண்டு பிள்ளைகள், சின்னவனுக்கு 9 வயது. எடை 69 கிலோ. போன மாதம் எடுத்த டெஸ்டில் சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்றார் டாக்டர். ஆபீஸில் ஆறு பேர் சேர்ந்து, வரும் ஜனவரியில் 10 கி.மீ. ஓடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். மூன்று வாரமாகத் தினமும் காலையில் அண்ணா நகர் டவர் பார்க்கில் ஓடுகிறேன். மூன்று நிமிடம் தாண்டினால் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, நின்றுவிடுகிறேன். ஒரு வாரமாக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் ஓரத்தில் வலி. பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார் தினமும் 5 கி.மீ. ஓடிவிட்டு, எத்தனை நிமிடத்தில் ஓடினாள் என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறாள். என் உடம்பு ஓட்டத்துக்கு ஒத்துவராத உடம்பா? இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது: ஓடும்போது லேசாகச் சிறுநீர் கசிகிறது. மாதவிலக்கு நாட்களில் ரத்தப்போக்கும் அதிகம். பேசாமல் விட்டுவிடட்டுமா?”

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட வேண்டாம். ஆனால் இந்த மூன்று வாரமாக நீங்கள் ஓடிக்கொண்டிருக்கும் விதத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

எத்தனை நாள், எத்தனை நிமிடம் என்றெல்லாம் எழுதிய நீங்கள், என்ன வேகத்தில் ஓடுகிறீர்கள் என்பதை எழுதவில்லை. எழுதாவிட்டாலும் தெரிகிறது. பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் பிறகு ஓடியே பழக்கமில்லாத நம்மில் பலருக்கு ஓட்டம் என்றால் ஒரே ஒரு வேகம்தான் தெரியும்: நிறுத்தம் தாண்டி நிற்கும் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் வேகம். அந்த வேகத்தில் யாராக இருந்தாலும் மூன்று நிமிடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். அதற்கு உடம்பைக் குற்றம் சொல்ல முடியாது.

வேகத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் எனக்கு நின்று பார்க்கத் தோன்றியது. போக்கு அதிகம் என்கிறீர்கள். கூடவே மூச்சு முட்டுகிறது, படபடப்பு என்கிறீர்கள். இந்த இரண்டையும் ஒரு பெண் சேர்த்துச் சொன்னால் நான் ஷூவைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்வேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்கிறது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. மூச்சில் இழுத்த ஆக்ஸிஜனைக் காலுக்குச் சுமந்து போவதே ஹீமோகுளோபின்தான். சுமக்கிற ஆள் குறைவாக இருந்தால் இதயம் இன்னும் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். அதுதான் அந்தப் படபடப்பாக இருக்கலாம். பயிற்சி போதவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, பற்றாக்குறை இரும்புச்சத்தில் இருக்கலாம்.

அதனால் இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புக் கையிருப்பு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் கையிருப்பு காலியாக இருப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். சர்க்கரையும் பார்டரில் இருப்பதால் ரத்த அழுத்தமும் ஈ.சி.ஜி.யும் பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இள வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஓடும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாயு என்று ஓமம் தின்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தால் ஒரு விஷயம். அதைக் காலைக் காபியோடு சேர்த்து விழுங்காதீர்கள். காபியும் டீயும் இரும்பை உடம்பில் ஏறவிடாது. குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கொஞ்சம் எலுமிச்சை ஜூஸோடு எடுத்துக்கொண்டால் நன்றாக ஏறும். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் நல்லவைதான், ஆனால் கையிருப்பு காலியான பிறகு அவற்றை மட்டும் நம்பி நிரப்ப முடியாது. போக்கு ஏன் அதிகம் என்பதையும் மகளிர் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஓட்டை வாளியில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

அப்புறம் கால் வலி.

நாற்காலியில் உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். முன்னெலும்பின் உள்ஓரத்தை ஆள்காட்டி விரலால் கணுக்காலிலிருந்து மேலே மெதுவாக, அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். வலி ஒரு கையகல நீளத்துக்குப் பரவலாக, ‘இங்கேயும் வலிக்கிறது, அங்கேயும் வலிக்கிறது’ என்று இருந்தால், அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளின்ட். தசையும் எலும்புறையும் சேரும் இடத்தில் வந்த எரிச்சல். புதிதாக ஓட ஆரம்பிக்கிறவர்களுக்குச் சர்வசாதாரணம். அப்படியில்லாமல், ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் தொட்டாலே சுருக்கென்று துடிக்கிறதா? ராத்திரி படுத்த பிறகும் வலிக்கிறதா? அந்த ஒற்றைக் காலில் ஒரு முறை குதித்தால் உயிர் போகிறதா? அப்படியானால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். ஓட்டம் கிடையாது, எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். ஆரம்ப வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவதுண்டு. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி அதே புள்ளியில் நின்றால் எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. பிசியோதெரபிஸ்டாகப் பத்து வருஷம் மற்றவர் காலைப் பிடித்த பிறகு நானும் ஓட ஆரம்பித்தேன். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, மூன்றாவது வாரமே 8 கி.மீ. மூச்சு நன்றாக ஒத்துழைத்தது, அதில் மயங்கிவிட்டேன். இடது பாதத்தில், இரண்டாவது விரலுக்கு மேலே வலி வந்தது. முதலில் காட்டிய இடத்தில் சுளுக்கு என்று சொல்லி கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். என்னிடம் ஒரு நோயாளி அதே வலியோடு வந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் விரிசல் என்று சந்தேகப்பட்டிருப்பேன். கடைசியில் ஒன்பது வாரம் வீட்டில். கிளினிக்கில் ஊன்றுகோலோடு நின்று மற்றவர்களுக்கு நடை பழக்கிக்கொடுத்த காட்சியை என் அசிஸ்டெண்ட் இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

மூச்சு நன்றாக இருந்தும் எலும்பு ஏன் விரிந்தது? ஓட்டத்தைப் பழக ஆரம்பிக்கிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டிய விஷயமே இதுதான் என்பேன். உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் தயாராவதில்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதி முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே கூடிவிடும், ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தம் கூடும். அடுத்த சில வாரங்களில் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கிளைவிடும், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகும். மூச்சு வாங்குவது குறைந்து ‘அட, முடிகிறதே’ என்று தோன்றுவது இதனால்தான். ஆனால் தசைநாண்களும் எலும்பும் பல மாதம் எடுத்துக்கொள்ளும்.

எலும்பின் கதை நம் சென்னை ரோட்டுக் கதைதான். மாநகராட்சி புதுத் தார் போடுவதற்கு முன்னால் மெஷின் வைத்துப் பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போகும், பார்த்திருப்பீர்கள். சுரண்டியதற்கும் புதுத் தார் விழுவதற்கும் நடுவில் அந்த ரோடு முன்பிருந்ததைவிட மோசமாக இருக்கும். எலும்பும் அப்படியே. புதுப் பாரம் வந்ததும் அதற்கென்று உள்ள செல்கள் முதலில் பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கும், அதற்குச் சுமார் மூன்று வாரம். பிறகுதான் வேறு செல்கள் வந்து அந்தக் குழியைப் புது எலும்பால் நிரப்பும், அதற்கு மூன்று மாதம்கூட ஆகும். ஆக மூன்றாவது, நான்காவது வாரத்தில் உங்கள் கால் எலும்பு சுரண்டிப் போட்ட ரோடு. அதன்மேல் தினமும் லாரி விட்டால் என்ன ஆகும்? ஒரு வாரமாக உங்களுக்கு வலிப்பதும் இந்த நேரத்தில்தான், கவனித்தீர்களா?

அதனால் வாரத்துக்கு ஏழு நாள் ஓட்டம் வேண்டவே வேண்டாம். மூன்று நாள். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் நாட்களில் நடக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் தெருவில் ஒரு நடை போட்டால் உங்கள் பார்டர் சர்க்கரைக்கு அது தனி லாபம்.

இப்போது வேகம். டவர் பார்க்கில் ஓடும்போது உங்களுக்குக் கேட்கிற குரலில், மனதுக்குள் வேண்டாம், வாயால், இதைச் சொல்லிப் பாருங்கள்: “கால் கிலோ சின்ன வெங்காயம், ஒரு கட்டு முருங்கைக்கீரை, அரை மூடி தேங்காய், பத்து ரூபாய்க்குக் கறிவேப்பிலை கொத்தமல்லி.” நடுவில் மூச்சு இழுக்காமல் கறிவேப்பிலை வரை வந்துவிட்டால் வேகம் சரி. சின்ன வெங்காயத்திலேயே மூச்சு வாங்கினால் அதிகம், குறையுங்கள். இன்னும் குறையுங்கள். கால் தரையைவிட்டுச் சற்றே எழும்புகிறது, அவ்வளவுதான் என்கிற அளவுக்கு வாருங்கள். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பு எண்ணை இப்போதைக்கு மறந்துவிடலாம். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு ஒரு குத்துமதிப்புதான், ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து துடிப்பு மாறும். வெங்காயக் கணக்கு அதைவிட நம்பகமானது.

இந்த வேகத்தில் ஓடினால் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக விறுவிறுவென்று நடந்து வரும் அம்மா ஒருவர் உங்களை முந்திப் போவார். ஒரு கையில் போன், அதில் சுப்ரபாதம், எழுபது வயது மாமா ஒருவரும் முந்துவார். முந்தட்டும். உங்கள் முழங்காலுக்குக் கீழே வலி வந்ததற்குப் பாதிக் காரணம் அந்த இருவரும் முந்திவிடக் கூடாது என்று நீங்கள் ஓடியதுதான் என்பது என் ஊகம். மாரத்தானில் உலகத்தையே ஆளும் கென்யாக்காரர்கள் லேசான ஓட்டம் என்று வைத்த நாட்களில் ஆரம்பிக்கும் வேகத்தைப் பார்த்தால், நம் டவர் பார்க் மாமா அவர்களோடும் பேசிக்கொண்டே நடந்துவிடுவார் போலிருக்கும். அவர்களுக்கு அதில் வெட்கமில்லை.

முதல் இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம், நடை மட்டும். அரை மணி நேரம் கொஞ்சம் விறுவிறுப்பாக. எலும்பு ஓரத்தை விரலால் அழுத்தினால் வலி இல்லை, ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தாலும் வலி இல்லை, ரத்தப் பரிசோதனையும் பரவாயில்லை என்ற நிலை வந்த பிறகு, ஆகஸ்டில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை, இதை எட்டு முறை. முடிவில் ஐந்து நிமிடம் நடை. ஒரு நிமிடமா என்று சிரிக்காதீர்கள். எட்டு முறை ஓடினால் எட்டு நிமிடம். நீங்கள் ஒரே மூச்சில் ஓடிய மூன்று நிமிடத்தைவிட அது எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். அதுவும் மூச்சு முட்டாமல்.

இப்படி இரண்டு வாரம். அடுத்த இரண்டு வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு முறை. பிறகு 3-க்கு 2, ஐந்து முறை. 5-க்கு 2, நான்கு முறை. 8-க்கு 2, மூன்று முறை. 12-க்கு 2, இரண்டு முறை. ஒவ்வொன்றும் இரண்டு வாரம் என்றால் 12 வாரம் ஆகிறது. நடுவில் நான்காவது வாரம் முடிந்தும் எட்டாவது வாரம் முடிந்தும் ஒரு வாரம் பாதியாகக் குறைத்து இளைப்பாறுங்கள். எல்லாம் சேர்த்தால் 14 வாரம். நவம்பர் தொடக்கத்தில் அந்த நடுநடையையும் விட்டுவிட்டு 25 நிமிடம் நிற்காமல் ஓடத் தயாராகிவிடுவீர்கள். ஒரு படி கஷ்டமாக இருந்தால் அதே படியில் இன்னொரு வாரம் நில்லுங்கள், யாரும் மார்க் போடவில்லை.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். அதைச் சாஸ்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 10 சதவீதக் கணக்கில் 13 வாரமும் மறு பாதியை வழக்கமான முறையில் 8 வாரமும் பழக்கிப் பார்த்தார்கள். 2008-இல் வந்த முடிவு: இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அடி. கணக்கைவிட உங்கள் கால் சொல்வதைக் கேட்பதுதான் புத்திசாலித்தனம். பத்துக்கு எத்தனை வலி என்று உங்களையே கேளுங்கள். மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழுந்து முதல் அடி வைக்கும்போது முந்தின நாளைவிட மோசமில்லை என்றால் தொடரலாம். மோசமென்றால் அன்று நடை மட்டும்.

நாத்தனார் விஷயத்துக்கு வருவோம். அவர் ஓடும் பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த ஜூலையில் விடியற்காலை அங்கே இருக்கும் வெப்பத்துக்கும் நம் ஊருக்கும் ஆறேழு டிகிரி வித்தியாசம். அதோடு நம் ஊர்க் காற்றில் நீராவியும் அதிகம். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை ஆவியாகப் போனால்தான் குளிரும். சென்னைக் காலையில் காற்றே நனைந்த துணி போலிருக்கும்போது அது எங்கே போகும்? சட்டையை நனைத்துக்கொண்டு சொட்டும். சூட்டைத் தோலுக்கு அனுப்ப இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும், காலுக்குக் கிடைப்பது குறையும். அதே ஆள், அதே கால், இங்கே ஓடினால் மெதுவாகத்தான் ஓட முடியும். அடுத்த முறை அவர் படம் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு மூடிவிடுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் டவர் பார்க்குக்குக் கூட்டிப்போங்கள். ஜனவரியிலேயே புரிந்துகொள்வார், சித்திரை வரை காத்திருக்கத் தேவையில்லை.

வெக்கைக்கு உடம்பு பழக இரண்டு வாரம் போல ஆகும். அதுவரை ஐந்தரை மணிக்கே போய்விட்டு ஆறேகாலுக்குள் முடித்துவிடுங்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், பசித்தால் பாதி வாழைப்பழம். அரை மணி நேர ஓட்டத்துக்குத் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. குளுக்கோஸ் பொடி உங்களுக்குக் கூடவே கூடாது. சர்க்கரையைக் குறைக்க ஓடிவிட்டு அதைக் கரைத்துக் குடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். திரும்பி வந்து உப்புப் போட்ட நீர்மோர் குடியுங்கள், போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் நாட்களில் நடுவில் தாகத்துக்கு மட்டும் கொஞ்சம் குடிக்கலாம். தாகமில்லாமல் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓடினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகும்.

கூச்சப்பட்டுக் கேட்ட கேள்விக்குக் கூச்சமில்லாமல் பதில் சொல்கிறேன். என் கிளினிக்கில் பிரசவமான பெண்கள் கதவு மூடிய பிறகு, கிளம்பும் நேரத்தில், செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்கும் கேள்வி இது. இருமினால், தும்மினால், குதித்தால் கசிவது இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசைகள் தளர்ந்திருப்பதால். ரொம்பப் பேருக்கு இருக்கிறது. அதற்காக ‘பிள்ளை பெற்றால் இப்படித்தான்’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, தசைதானே, பழக்கினால் பலப்படும். நாலு பேர் நடுவில் வாயு பிரியப்போகிறது, அடக்குகிறோம். அப்போது எந்தத் தசையை உள்ளே, மேலே இழுப்போமோ அதே தசை. இழுத்து ஐந்து எண்ணும் வரை பிடித்து, முழுவதும் தளர்த்தி, ஐந்து எண்ணிவிட்டு மறுபடி. பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்காதீர்கள், வயிற்றையும் பின்புறத்தையும் இறுக்காதீர்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகச் சொல்வார்கள் சிலர், அது வேண்டாம். பலன் தெரிய மூன்று மாதம் ஆகும். அதுவரை ஓடக் கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு பேட் வைத்துக்கொண்டு ஓடுங்கள். கசியுமே என்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். அடியில் ஏதோ இறங்குவது போன்ற கனம் இருந்தால் மட்டும் ஓட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

ஷூவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும். ஓடுவதற்கென்று செய்த எந்தச் சாதாரண ஷூவும் சரி, விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது போய் வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று ஷூவுக்குச் சமமான அவசியம். தொடை உரசும் இடத்தில் வாஸலின். பார்க்கில் எப்போதும் ஒரே திசையில் சுற்றாமல் ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி. மெரினா மணலில் ஓடினால் கால் பலமாகும் என்று யார் சொன்னாலும் இந்த வருஷம் வேண்டாம். மணல் உள்வாங்கும், கரையும் ஒரு பக்கமாகச் சரியும், உங்கள் கெண்டைக்கால் தாங்காது. விடியற்காலையில் தெரு நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணைப் பார்க்காமல் நடந்து போய்விடுங்கள். ஓடினால்தான் அதற்கு விளையாட்டு.

கால் வலி திரும்பாமலிருக்க இரண்டு வேலை. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மூன்று எண்ணும் நேரம் எடுத்து உயர்த்தி, மூன்று எண்ணி இறக்குங்கள், பதினைந்து முறை. பிறகு சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகால் தரையிலேயே இருக்க, பாதத்தின் முன்பகுதியைத் தூக்கி இறக்குங்கள், இருபது முறை. குக்கர் மூன்று விசில் விடுவதற்குள் இரண்டும் முடிந்துவிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும்.

ஜனவரிக்கு வருகிறேன். நவம்பரில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் தூரக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 4 கி.மீ., 5, 6 என்று ஏறி, ஒரு ஞாயிறு 4-க்கு இறங்கி, மறுபடி 6, 7, 8. வார நாட்களில் அதே 25 நிமிடம். பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு 4 கி.மீ. போதும். 8 ஓட முடிந்தவருக்குக் கூட்டத்தோடு 10 முடியும், முன்னாலேயே 10 ஓடிப் பார்த்து நிரூபிக்கத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை ஒன்றிரண்டு ஞாயிறைக் கட்டாயம் விழுங்கும். அதற்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறேன், விட்டதைப் பிடிக்க அடுத்த வாரம் இரட்டிப்பாக ஓடாதீர்கள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் மேன்ஹோல் எங்கே திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அந்த நாட்களில் அபார்ட்மெண்ட் மொட்டைமாடியோ பார்க்கிங்கோ நடக்கப் போதும்.

பந்தயத்தன்று கூட்டத்தின் கடைசியில் நின்று ஆரம்பியுங்கள். முதல் அடியிலிருந்தே 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. களைத்த பிறகு நடப்பது வேறு, களைக்கும் முன்பே நடப்பது வேறு. ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆபீஸ் தோழிகள் முதல் கிலோமீட்டரில் உங்களை விட்டுவிட்டுப் பறப்பார்கள். ஏழாவதில் அவர்களில் இரண்டு பேரையாவது பார்ப்பீர்கள்.

அதெல்லாம் பிறகு. முதலில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எலும்பை அழுத்திப் பார்த்ததில் கையகலமா, நாணயமா என்பதையும். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால், ஆகஸ்ட் என்று மேலே எழுதிய இடத்திலெல்லாம் அக்டோபர் என்று திருத்திக்கொள்ளுங்கள். ஜனவரி 10 கி.மீ.க்குப் பதில் வேறு ஏதாவது பார்க்கலாம்.